நாங்கள் வராத நாள்

புதுவைக்கு மேற்கே ஒரு மாந்தோப்பு. சுற்றுப்பட்டு வேடர்கள் அங்கே பறவை சுட வருவார்கள். அவர்கள் வராத ஒரு நாளாகப் பார்த்துத்தான் ‘குயில் பாட்டி’ல் பாரதிக்குக் குயில் பாடுகிறது. இந்த ஊரின் காவியமே நாங்கள் வராத நாளில்தான் தொடங்குகிறது, பாருங்கள்! அந்தக் குயில் முற்பிறப்பில் யார்? வேடர் தலைவன் மகள் சின்னக்குயிலி. காதலிக்க எங்கள் பெண் வேண்டும். தோப்புக்குள் எங்கள் ஆண்கள் வரக்கூடாது. பாரதிமேல் கோபமில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

இருளர், வில்லி, வேட்டைக்காரர், எல்லாம் நாங்கள்தான். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பழங்குடியினர் பூஜ்யம். ஏனென்றால் அப்போது இங்கே பழங்குடிப் பட்டியலே கிடையாது. பூஜ்யத்துக்குப் பசிக்குமா? உங்கள் வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அதைப் பிடிக்கப் பூஜ்யம் ராத்திரியில் ஓடி வருமா? 2016 டிசம்பரில்தான் பட்டியலில் எங்கள் பெயரை எழுதினார்கள். காட்டுநாயக்கரும் மலைக்குறவரும் அப்போதும் வெளியேதான். எழுதிய பிறகாவது விட்டார்களா? சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், "எலி பிடிக்கத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்கள். காலேஜ் படிக்கிற பெண்ணை!

மண் உங்களுக்குச் சதுர அடி. எங்களுக்குப் புற்று; அதில் எங்கள் தெய்வம் கன்னிமார். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடலில் ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் ஜனமோ மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போகும். ஈர மணலைக் குவித்துப் படி கட்டி, கன்னியம்மாவைக் கூப்பிட்டு, விடியலில் அவள் முன்னால் தாலி கட்டும். கோபுரமும் இல்லை, பட்டாவும் இல்லை. ஜேசிபி வந்து புற்றை வாரிக்கொண்டு போனபோது ஆயா விழுந்து அழுதாள். இடம் போச்சே என்று அழுகிறாள் என்றார்கள். அதற்குள் இருந்தவளை எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள் என்றுதான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயாவின் அந்தக் கேள்வியை யார் எழுதுவார்கள்? ஆஸ்திரேலியாவில் அம்பெலின் குவேமுலினா என்ற பழங்குடிப் பெண், உடன்பிறந்த எசெக்கியேலோடு சேர்ந்து 2018-இல் இளையோருக்காக ஒரு நாவல் எழுதினார். செத்துப்போன பழங்குடிச் சிறுமியே அதில் கதை சொல்கிறாள். அங்கே செத்த பிள்ளை பேசுகிறது. இங்கே உயிரோடு இருக்கிறவளுக்கு வாய் இல்லை.

2021-இல் ‘ஜெய்பீம்’ படம் பார்த்து அழுதீர்கள். சரி. லாக்கப்பில் அடிபட்டால்தான் நாங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிவோமா? அடிபடாத நாளில் ஈசல் பிடிக்கிறோம், வேர் தோண்டுகிறோம், பரீட்சை எழுதுகிறோம், சண்டை போடுகிறோம், காதலிக்கிறோம். என் தங்கச்சிக்குப் பதினாலு வயசு. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். அவள் படிக்க நான் எதைக் கொடுப்பேன், சொல்லுங்கள்.