முதுகில் இரண்டு பாராசூட், தலையில் ஒரே ஒரு முடிவு

"பாராசூட் விரியாவிட்டால் என்ன ஆகும்?"

ஸ்கைடைவிங் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வருகிற கேள்வி இதுதான். பதில் ரொம்ப எளிது: இரண்டாவது விரியும். விளையாட்டுக்காகக் குதிக்கிற ஒவ்வொருவர் முதுகிலும் ஒரே பைக்குள் இரண்டு பாராசூட் இருக்கிறது. ஒன்று மெயின், இன்னொன்று ரிசர்வ். மெயினைக் குதிப்பவரே மடித்து வைத்துக்கொள்ளலாம். ரிசர்வை அப்படி யார் வேண்டுமானாலும் தொட முடியாது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற ரிக்கர் ஒருவர்தான் அதை 180 நாளுக்கு ஒரு முறை பிரித்து, சோதித்து, மறுபடி மடித்து, முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக, வெளியில் இருக்கிறவர்கள் பயப்படுகிற அந்த விஷயத்துக்கு ஏற்பாடு பலமாகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் குதித்துப் பழுத்தவர்களின் கவலை வேறு. ஏறுகிற விமானம், அதன் கதவு, தரைக்கு மேலே கடைசிச் சில நூறு அடி, எல்லாவற்றுக்கும் மேலாக முடிவெடுக்கத் தாமதிக்கிற மனசு. அவர்கள் கவலைப்படுவதுதான் சரி. இந்த விளையாட்டில் கருவிகள் எப்போதோ தேறிவிட்டன. தேற வேண்டியது மனிதர்கள்தான்.

பில் பூத் என்று ஒருவர். அமெரிக்காவின் புளோரிடாவில் பாராசூட் சாதனங்கள் செய்து பேர் வாங்கியவர். 1970களின் நடுவில் இவர் கொண்டுவந்த மூன்று வளைய அமைப்பு இன்றைக்கும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதற்கு முன்பு, மெயின் சிக்கலாகிவிட்டால் இரண்டு தோளிலும் இருக்கிற பூட்டுகளைத் தனித்தனியாகத் திறக்க வேண்டும். பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே விழுகிறவனுக்கு அது லேசான வேலையா? ஒரு பக்கம் கழன்று மறுபக்கம் மாட்டிக்கொண்டால் நிலைமை முன்னைவிட மோசம்.

பூத்தின் யோசனை நெம்புகோல் தத்துவம்தான். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு நூல் கண்ணி, அதைப் பிடித்திருக்கிற ஒரு மெல்லிய கேபிள். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்துக் குறைத்து அடுத்ததற்குத் தருவதால், ஒரு ஆளையே தாங்குகிற இழுவிசை கேபிளுக்கு வரும்போது மிகச் சின்னதாகிவிடுகிறது. வலது மார்புப் பக்கம் இருக்கிற கைப்பிடியை ஒரே இழுப்பு. இரண்டு தோளும் ஒன்றாக விடுபடும். அடுத்து இடது பக்கக் கைப்பிடி, ரிசர்வ் வெளியே வரும். அவ்வளவுதான்.

அடுத்த பெரிய மாற்றம் 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹெல்முட் குளோத் உருவாக்கிய சைப்ரஸ் என்கிற சின்ன மின்னணுக் கருவி. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். சுமார் 750 அடிக்கு வந்த பிறகும் ஆள் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையை மூடியிருக்கிற கண்ணியைத் தானே வெட்டிவிடும். மயங்கிப் போனவன், நேரத்தை மறந்தவன், கைப்பிடி கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தவன் என்று பல பேரை இது பிழைக்க வைத்திருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பூத் ஒரு விதி சொன்னார். ஸ்கைடைவர்கள் மத்தியில் அது 'பூத் விதி' என்றே பிரபலம். கருவிகள் எவ்வளவுக்கு எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு குதிப்பவர்கள் கூடுதல் ஆபத்தில் இறங்கி, சாவு விகிதத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அதன் சாரம். கருவி செய்து விற்கிறவரே இப்படிச் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

இது வானத்தில் மட்டும் நடக்கிற கூத்தும் அல்ல. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதி வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் இருந்தது, பாதியில் இல்லை. நல்ல பிரேக் கிடைத்தவர்களின் விபத்துகள் குறையவில்லை. அவர்கள் இன்னும் வேகமாக வளைத்து ஓட்டினார்கள்!

பூத் சொன்னது முழுக்கச் சரியா? இல்லை. எண்ணிக்கையைப் பாருங்கள். 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023இல் சுமார் 36.5 லட்சம் குதிப்புகளுக்கு 10 சாவுகள். இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கை வைத்த இடம் சரியான இடம். சாவு குறைந்ததோடு, தன் இடத்தையும் மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் பாராசூட் விரியாமல் இறந்தார்கள். பிற்பாடு, நன்றாக விரிந்த, ஒரு கோளாறும் இல்லாத பாராசூட்டின் கீழே இறப்பது ஒரு பெரிய பங்காக ஆகிவிட்டது.

அது எப்படி என்று கேட்கலாம். இப்போதைய பாராசூட் பழைய வட்டக் குடை அல்ல. விமான இறக்கை மாதிரி பறக்கிற துணி. அளவு சின்னதாகச் சின்னதாக வேகம் கூடும். தரைக்குப் பக்கத்தில் சட்டென்று திருப்பினால் அது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு பாயும். தெரிந்தவன் அந்த வேகத்தைப் புல் நுனி உரசுகிற அழகான இறக்கமாக மாற்றுவான். கணக்கு கொஞ்சம் தப்பினால், பாராசூட் நிமிர்வதற்கு முன் தரை வந்துவிடும். இந்த இடத்தில் ரிசர்வும் உதவாது, சைப்ரஸும் உதவாது. இரண்டுக்கும் வேண்டிய உயரமே அங்கே இல்லை.

இதற்கு மருந்து இன்னொரு கருவி அல்ல. பாராசூட்டை ஓட்டுவதற்கென்று தனிப் பயிற்சி, வேகமாக இறங்குகிறவர்களுக்குத் தனி இடம், அளவைப் படிப்படியாகக் குறைக்கிற பொறுமை. மூன்றுமே பார்க்கச் சாதாரண விஷயங்கள். படம் எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதவை. அதனால்தான் நூறு குதி முடித்த இளைஞன் பயிற்சிக்குப் பணம் கட்டுவதைவிடச் சின்னப் பாராசூட் வாங்கவே ஆசைப்படுகிறான். முதலில் பயிற்சி, பிறகுதான் சின்னத் துணி. அந்த வரிசையை மாற்றக் கூடாது.

சரி, அவசர நிலைக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. வயிறு கீழே பார்க்க விழுகிறவரின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். 1,000 அடியைக் கடக்க ஆறு வினாடிகூட ஆகாது. 2,500 அடியில் எதுவுமே விரியாமல் விழுந்துகொண்டிருந்தால், தரைக்கு மிச்சம் சுமார் பதினான்கு வினாடிதான். 750 அடியில் நான்கே வினாடி.

இந்தப் பதினான்கு வினாடிக்குள் உட்கார்ந்து யோசிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் முடிவு தரையிலேயே எடுக்கப்படுகிறது. 'இந்த உயரத்துக்கு வரும்போது பாராசூட் சரியாகப் பறக்கவில்லை என்றால் கழற்றிவிடுவேன்' என்று முன்கூட்டியே ஒரு எண்ணைத் தீர்மானித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க பாராசூட் சங்கம் மாணவர்களுக்குச் சொல்கிற எண் 2,500 அடி. அனுபவம் உள்ளவர்களுக்கு 1,800. பாதி விரிந்து, கயிறு முறுக்கி, இதோ சரியாகிவிடும் போலத் தோன்றுகிற பாராசூட்தான் மிக ஆபத்தானது. முழுக்கக் கெட்டது தன்னைக் கெட்டது என்று காட்டிக்கொள்ளும். அரைகுறையோ ஆசை காட்டும். இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரு உதறல் என்று உயரம் கரைந்துகொண்டே போகும். அந்த அரைகுறையின் கீழே வேகமும் குறைவாக இருக்கலாம். நொடிக்கு 35 மீட்டருக்குக் குறைவான வேகத்தில் சைப்ரஸ் வேலை செய்யாது, ஏனென்றால் அதன் கணக்கில் 'ஆள் நன்றாகத்தான் இறங்குகிறார்'. அதாவது, எந்த நேரத்தில் மனிதன் கருவியை நம்பித் தாமதிப்பானோ, அதே நேரத்தில் கருவி பேசாமல் இருந்துவிடக்கூடும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். ஆனால் பதறாமல் இருப்பது பிறவிக் குணம் அல்ல, பழக்கம். ஒவ்வொரு குதிக்கு முன்பும் கைப்பிடிகளைத் தொட்டுப் பார்த்து, பார், பிடி, இழு என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பெரிய ஆட்களைப் புதியவர்கள் சிலர் கேலி செய்வதுண்டு. ஆயிரம் குதித்தவருக்கு இது எதற்கு என்று. ஆயிரம் குதித்ததாலேயேதான் செய்கிறார்!

2025 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டல்லி என்ற ஊருக்கு மேலே நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 15,000 அடி. பதினாறு பேர் சேர்ந்து ஓர் அமைப்பு செய்வதாகத் திட்டம். முதலில் வெளியேறியவரின் ரிசர்வ் கைப்பிடி விமானத்தின் இறக்கை மடிப்பில் மாட்டிக்கொண்டது. ரிசர்வ் விரிந்தது, ஆள் பின்னால் வீசப்பட்டார், துணி வால் இறக்கையில் சுற்றிக்கொண்டது. பறக்கிற விமானத்தின் வாலில் ஒரு மனிதன் தொங்குகிறார். அவரைக் காப்பாற்றியது விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. கொக்கி வடிவத்தில் இருக்கிற ஒரு சின்னக் கத்தி. அதை வைத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்து விடுபட்டு, மெயினை விரித்து, சிறு காயங்களோடு இறங்கினார். வால் சேதமான விமானத்தையும் பைலட் பத்திரமாக இறக்கினார். அந்தக் கத்தியை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவர் வைத்திருந்தார், அவ்வளவே.

கதவருகே வந்தால் கைப்பிடிகளைக் கையால் மூடிப் பாதுகாத்துக்கொள் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் அர்த்தம் இதுதான். கைப்பிடி சிக்கினால் ஒரு ஆள் மட்டும் போவதில்லை, விமானமே போகலாம்.

விமானம் பற்றி ஸ்கைடைவர்களுக்கே ஒரு அலட்சியம் உண்டு. 'நாங்கள்தான் பாதியில் இறங்கிவிடுவோமே!' என்பார்கள். பாதி வரை போக வேண்டுமே? 1992 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் ஒரு ட்வின் ஆட்டர் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்தது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் ஒரு இன்ஜின் நின்றது. அந்தப் பதற்றத்தில் நல்ல இன்ஜினின் புரொப்பெல்லர் தவறுதலாக நிறுத்தப்பட்டது. 22 பேரில் 16 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் டான் பிராட்ஸ்கி-சென்ஃபெல்ட் கழுத்து முறிந்தும் மீண்டு வந்து, மறுபடி குதித்து, உலகச் சாம்பியன் ஆனார். குதிப்பவர்களுக்கு சீட் பெல்ட் எதற்கு என்ற பேச்சு குறைய ஆரம்பித்தது அந்த விபத்துக்குப் பிறகுதான். பெல்ட் போடாதவன் தனக்கு மட்டும் ஆபத்து அல்ல. விபத்தின்போது அவன் உடம்பு பக்கத்தில் இருப்பவர் மேல் எறியப்பட்ட மூட்டை.

உயரமாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. 2019 ஜூலையில் ஸ்வீடனின் உமேயோ அருகே ஒரு சின்ன விமானம், பின்பாரம் கூடி, வேகம் குறைந்து, கட்டுப்பாடு இழந்து வானத்திலேயே உடைந்தது. குதிக்கத் தயாராக இருந்த எட்டுப் பேரும் பைலட்டும் இறந்தார்கள். பாராசூட் இருந்தும் வெளியேற முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம் ஹவாயில் விழுந்த கிங் ஏர் விமானத்தில் 11 பேர். புறப்பட்ட கையோடு பைலட் வெட்டித் திருப்பியது முக்கியக் காரணம். அதே விமானம் 2016இல் ஒரு முறை வால் பகுதி பிய்ந்து தப்பியது. அப்போது முறுக்கிய இறக்கை சரியாகச் சீர்செய்யப்படவே இல்லை என்பது விசாரணையில் வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2013 நவம்பரில் விஸ்கான்சினில் இரண்டு செஸ்னாக்கள் நடுவானில் மோதின. ஒன்றின் இறக்கை உடைந்து தீப்பிடித்தது. பதினொரு பேரும் பிழைத்தார்கள். குதிப்பவர்கள் குதித்தார்கள், உடைந்த விமானத்தின் பைலட்டும் பாராசூட் கட்டியிருந்ததால் குதித்தார், மற்றவர் தன் விமானத்தை இறக்கினார். அதிர்ஷ்டமும் இருந்தது, தயாராகவும் இருந்தார்கள்.

அதனால், புதிதாகக் குதிக்கப் போகிறவர் பாராசூட் என்ன மாடல் என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த விமானத்தை யார் பராமரிக்கிறார்கள்? எடை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? பெல்ட் எல்லோரும் போடுகிறார்களா? இன்ஜின் நின்றால் எந்த உயரத்தில் குதிக்க வேண்டும், எந்த உயரத்தில் விமானத்தோடேயே இறங்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் குதிக்காமல் திரும்புவது கோழைத்தனம் அல்ல. மேகம் சரியில்லை, காற்று சரியில்லை என்று கட்டிய பணத்தை விட்டுவிட்டு விமானத்திலேயே திரும்ப இறங்கி வருகிற பழைய ஆட்கள் நிறையப் பேர் உண்டு. அப்படி இறங்கி வந்ததால்தான் அவர்கள் பழைய ஆட்கள் ஆனார்கள்.