சூரைக்கு எப்போது ஐஸ் போட்டார்கள்?

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையான கரையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மீன் வந்துசேர அதிக நேரம் ஆகாது. அந்த அருகாமைதான் சமையலறையை அசட்டையாக்குகிறது. "காலையில பிடிச்ச மீன்" என்றதும் பெட்டி பிரிட்ஜுக்குள் போய்விடுகிறது; ஒட்டிய துண்டில் வாங்கிய தேதி மட்டும்.

சூரை, கும்பளா, சாளை மூன்றும் ஹிஸ்டிடின் மிகுந்த மீன்கள். ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு உறையவைத்தாலும், கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது போகாது. மணத்திலும் நிறத்திலும் எதுவும் தெரியாமலே இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலத்திலோ முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும். பராமரிப்புக் குறிப்பேட்டில் இது "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிந்துபோகலாம். அதே மீனின் மிச்சமோ இரவுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும். ஆகவே லேபிளின் முதல் வரியில் வரவேண்டியவை மீன் ஐஸுக்குள் போன நேரமும் கொடுத்தவர் பெயரும். விற்பவரால் நேரம் சொல்ல முடியாவிட்டால் அன்றைக்குப் பருப்பும் முட்டையும் போதும்.

குளிரும் எல்லாவற்றையும் நிறுத்திவிடாது. 2019இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்ட சாண்ட்விச்சுகளோடு தொடர்புபட்ட லிஸ்டீரியா தொற்றில் ஏழு நோயாளிகள் இறந்தார்கள். லிஸ்டீரியா 5 பாகைக்குக் கீழும் மெல்ல வளரும். முதியவர்களையே அதிகம் தாக்கும். சமைத்த உணவுக்கு, சமைத்த நேரத்தோடு வீசவேண்டிய நேரமும் எழுதப்படவேண்டியது இதனால்தான்.

அடுத்தது மின்சாரம். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது. நம் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அடுத்த நாட்களில் முறைவைத்து ஒன்றரை மணித்தியால மின்வெட்டும் வந்தது. கதவைத் திறக்காத பிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடித்துவைக்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணித்தியாலம். கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் கதவிலேயே எழுதிவைக்காத இடத்தில் இந்தக் கணக்கு உதவாது. உள்ளே ஒரு வெப்பமானியும் தேவை. கையால் தொட்டுப் பார்ப்பது அளவீடு ஆகாது.

இன்னொன்று: லேபிளைப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டவேண்டும், மூடியில் அல்ல. கழுவும் தொட்டியில் முதலில் மாறிப்போவது மூடிகள்தான்.