நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

‘உங்கள் படத்தின் லுக் என்ன?’ என்று குறும்படம் எடுக்கப்போகும் மாணவரைக் கேட்டால், வெளிநாட்டுப் படங்களின் ஸ்டில்கள் நாலைந்தைக் கைப்பேசியில் காட்டுவார். மூட் போர்டு. தவறில்லை, ஆனால் பனி விழும் ஊரின் நீலத்தைக் குமரிக் கடற்கரையிலுள்ள மண்டைக்காட்டில் எங்கே தேடுவது? ‘டிஐயில் பார்த்துக்கலாம்’ என்பது வழக்கமான பதில். டிஐ, அதாவது படப்பிடிப்புக்குப் பின் கணினியில் செய்யும் நிறத்திருத்தம், பதிவான ஒளியின் நிறத்தை மாற்றும். உச்சிவெயில் முகத்தில் போட்ட நிழலை அந்திவெயிலாக்காது.

மண்டைக்காட்டில் கடல் தென்மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் தென்னந்தோப்புகளின் பக்கமிருந்து ஏறுவதால் கடலைப் பார்த்து நிற்பவரின் முதுகில் வெயில் விழும். மாலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் முகம் கறுத்து உருவம் மட்டும் தெரியும். அடுத்துள்ள மணவாளக்குறிச்சிப் பகுதியின் இல்மனைட் கலந்த கருமணல், வெண்மணலைப் போல வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பாது. நண்பகலில் கண்களுக்குக் கீழே இருட்டு தேங்கும். ஒரு தெர்மாகோல் அட்டை பிடித்தால் முகம் தெளியும். அந்த இருட்டுதான் கதைக்கு வேண்டுமென்றால் அட்டை வண்டியிலேயே கிடக்கட்டும்.

மாதமும் முக்கியம். பகவதி அம்மன் கோயிலின் மாசிக் கொடைக்கு இருமுடியோடு பெண்கள் திரளும்போது எடுத்தால் சீரியல் விளக்குகளும் பந்தல் துணியும் சட்டகத்துக்குள் தாமாக வரும். தனிமையைச் சொல்லும் கதையை அங்கேயும் எடுக்கலாம். அப்போது நாயகியின் உடை கூட்டத்தின் நிறத்தில் கரைய வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா என்பதை உடை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஆனியில் வந்தால் சாம்பல் வானம், சீறும் கடல். அது வேறு படம்.

பாரதிராஜா, ஒளிப்பதிவாளர் பி. கண்ணனோடு பக்கத்து முட்டத்தில் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டையும் எடுத்தார். அதற்குப் பிறகு முட்டத்துப் பாறைமேல் காதலர்களை நிறுத்துவது எல்லோருக்கும் எளிதாகிவிட்டது; மாணவர்கள் அந்தப் பாறைக்குச் சற்று ஓய்வு தரலாம்.

நிறமே வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த இயக்குநர் ருத்ரய்யா, 1978இல் ‘அவள் அப்படித்தான்’ படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். தமிழில் வண்ணப்படங்கள் பெருகிவந்த காலம் அது. நல்லுசாமியும் ஞானசேகரனும் ஒளிப்பதிவு செய்த அந்தப் படத்தில் வண்ணம் இல்லாததைக் குறையாக உணர முடியவில்லை. நாயகி மஞ்சுவின் கசப்புக்கு வேறு நிறம் பொருந்தியிருக்குமா என்பதே சந்தேகம்.

நிறத் திட்டத்துக்கு ஒரே பக்கம் போதும். ஒவ்வொரு காட்சிக்கும் நேரம், வெளிச்சம் வரும் திசை, வரக்கூடாத நிறம். கரையில் நிற்கும் நீல, மஞ்சள் வள்ளங்களுக்கு நாம் வேறு பெயின்ட் அடிக்க முடியாது, கேமராவைத்தான் நகர்த்த வேண்டும் என்பதையும் அதில் எழுதி, உடை வாங்கக் கிளம்பும் நண்பரிடம் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள்.