மறுப்பவரைத் தனியே விடலாகாது

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், 40 பேரில் 26 பேர் கடைசிவரை கீழ்ப்படிந்தார்கள் என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேலிடம் சொன்னால் மனிதன் எதையும் செய்வான் என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். அது பாதிச் செய்திதான்.

வந்தவர்கள் தபால் ஊழியர், பள்ளி ஆசிரியர், விற்பனையாளர், தொழிலாளி என்று சாதாரண ஆண்கள். எதிரே 15 வோல்ட் முதல் 450 வரை 30 விசைகள் கொண்ட பெட்டி. சுவருக்கு அப்பால் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்னதிர்ச்சி தர அடுத்த விசையை அழுத்த வேண்டும். மின்சாரம் பாயவில்லை என்பது அழுத்தியவர்களிடம் மறைக்கப்பட்டது. 300 வோல்ட்டில் சுவரை இடிக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அதுவும் நின்றது. அழுத்தியவர்களுக்கு வியர்த்தது, நா குழறியது, உடம்பு நடுங்கியது. சாம்பல் நிறக் கோட்டு போட்ட சோதனை நடத்துநர் நிதானமாக, ‘தொடருங்கள்’ என்றார். 26 பேர் கடைசி விசைவரை போனார்கள்.

பிறகு மில்கிராம் அதே பெட்டியின் முன் ஒவ்வொரு தடவையும் மூவரை உட்காரவைத்தார். அதில் இருவர் அவருடைய ஆட்கள். ஒருவர் 150 வோல்ட்டில் மறுத்து எழுந்தார், மற்றவர் 210இல். இம்முறை கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. கட்டளையில் மாற்றமில்லை, பக்கத்தில் மறுப்பவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு உளவியலாளரான சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளும் இதையே காட்டின. ஒருமித்துத் தவறு சொல்லும் கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர் விலகியதும், கூட்டத்துக்கு இசைந்துபோவது வெகுவாகக் குறைந்தது. விலகியவர் சொன்ன விடையும் தவறாக இருந்தபோதுகூடக் குறைந்தது.

ஆகவே, கீழ்ப்படிதல்தான் மனித இயல்பு என்று அதிகாரத்துக்கு நற்சான்று எழுதித்தர நாங்கள் தயாராக இல்லை. அலுவலகத்திலோ கட்சியிலோ ஊர்க்கூட்டத்திலோ ஒருவர் எழுந்து ‘இது சரியில்லை’ என்கிறார். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் கலைந்தபின் டீக்கடையில் அவர் கையைப் பிடித்து, ‘நீங்க சொன்னதுதான் சார் நியாயம்’ என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே அது இன்னும் நான்கு பேரை எழவைத்திருக்கும். டீக்கடையில் அதனால் யாருக்கும் பயனில்லை.

மாற்றுக் கருத்துகளுக்கு, எங்களுக்கு உடன்பாடில்லாதவை உட்பட, இந்த இதழ் தொடர்ந்து இடம் தரும். வாசகர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: முதலில் எழுந்து நிற்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டாவதாக எழுந்து நிற்க நம்மில் பலராலும் முடியும்.