கோவைக்குப் போக சென்னை எதற்கு?



தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டபோது இந்தப் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். சுமார் 450 கோடி ரூபாய் செலவு. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகள் வந்து போகலாம் என்றார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். ஓடுபாதை நீண்ட அளவுக்கு ஊர்ப் பட்டியல் நீளவில்லை. கோயம்புத்தூருக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது.

வாகைக்குளத்துக்கும் கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 280 கி.மீ. ஏடிஆர் ரக விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கிளம்பும் முன் ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் முன்பதிவுத் தளத்தில் இந்த இரண்டு ஊரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் சென்னை வழி என்றுதான் காட்டும். முதலில் வடகிழக்கே 530 கி.மீ., பிறகு அங்கிருந்து திரும்பித் தென்மேற்கே 400 கி.மீ. வடமேற்கே இருக்கும் ஊருக்குப் போகிறவரை வங்கக் கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கி, அடுத்த விமானத்துக்கு உட்கார வைக்கிறார்கள். இரண்டு டிக்கெட் விலை, நடுவில் மணிக்கணக்கில் காத்திருப்பு. அதற்கு ராத்திரி பஸ்ஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது கோவை காந்திபுரம் வந்துவிடும்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியும் கோவை மில்களின் சரக்கும் தூத்துக்குடி துறைமுகம் வழியாகவும் போகின்றன. கன்டெய்னர் நேர்வழியில் வருகிறது. அதை அனுப்புகிற மனிதருக்குத்தான் சுற்றுவழி! சிகிச்சைக்காகக் கோவைக்குப் போகும் நோயாளிகள் பாடு இன்னும் மோசம்.

விமான நிறுவனங்களைக் கேட்டால், இந்தத் தடத்தில் ஆள் வர மாட்டார்கள் என்பார்கள். எப்படித் தெரியும்? சென்னை வழியாகப் போகிறவர், தடவாரிப் புள்ளிவிவரத்தில் தூத்துக்குடி–சென்னை பயணியாகவும் சென்னை–கோவை பயணியாகவும் இரண்டு இடத்தில் பதிவாகிறார். இல்லாத தடத்தில் பயணிகள் எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம்தானே.

சிறு நகரங்களை விமானத்தில் இணைக்க மத்திய அரசு 2016-இல் அறிவித்த உடான் திட்டம், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டண வரம்பு வைத்துத்தான் தொடங்கியது. நஷ்டத்தை ஈடுகட்ட விமான நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டுகள் நிதியுதவியும் உண்டு. வாகைக்குளத்துக்கு ஏற்கெனவே சென்னை விமானம் இருப்பதால் இந்தத் தடம் அந்த விதிகளுக்குள் வராது என்றால், மாநில அரசு முன்வரலாமே. விமான எரிபொருளுக்கு அதிக வரி விதிக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. உள்மாநிலத் தடங்களுக்கு மட்டுமாவது அதைக் குறைத்தால் சிறிய விமானங்களை இயக்க யாராவது வருவார்கள். விமான நிலையம் மத்திய அரசுடையது, வரி மாநிலத்துடையது என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிக்கொண்டிருந்தால், கட்டி முடித்த முனையத்தில் ஏசி மட்டும்தான் ஓடும்.

தூத்துக்குடி, கோவை இரண்டு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்திடம் இதைக் கேட்க வேண்டும். காலையில் போய் வேலையை முடித்து மாலையில் திரும்பும்படி தினமும் ஒரு ஏடிஆர் போதும். ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். இருக்கை நிரம்பவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளட்டும். அதன்பிறகு நாங்கள் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி.