காட்டில் சிக்கியவருக்குத் துப்பாக்கி எதற்கு?

ஆள் நடமாட்டமற்ற காட்டுக்கோ பனிவெளிக்கோ போகிறவர் எந்தத் துப்பாக்கியைக் கூட எடுத்துப்போவது என்ற விவாதம் அலாஸ்காவிலும் கனடாவிலும் நெடுங்காலமாக நடக்கிறது. விபத்து நேர்ந்தாலோ வழி தவறினாலோ உயிரைக் காத்துக்கொள்ள அது உதவ வேண்டும் என்பது நிபந்தனை. பேசிப் பேசி பெரும்பாலோர் வந்து சேர்வது எடை குறைந்த, குழல் சிறுத்த பாயிண்ட் 22 ரைஃபிளுக்குத்தான். துப்பாக்கிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் அந்த முடிவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் துப்பாக்கிகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: மீட்க ஆள் வரும்வரை எத்தனை நாள் காத்திருக்க நேரும்? சின்னத் துப்பாக்கி நீண்ட காத்திருப்புக்காகப் பிறந்த கருவி. அந்தக் காத்திருப்பு சுருங்கிவிட்ட பிறகும், ஒன்றரைக் கிலோ எடையைப் பழக்கத்தின் காரணமாகவே பலர் முதுகில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்தத் துப்பாக்கிக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் எனப்படும் தோட்டாவை அமெரிக்காவின் ஜே. ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887-இல் கொண்டுவந்தது. ஒரு தோட்டாவின் எடை சுமார் 3.4 கிராம், அதிலிருந்து பாயும் ஈயக்குண்டு 2.6 கிராம். நூறு தோட்டாக்களைச் சேர்த்தாலும் 350 கிராமுக்குள் அடங்கிவிடும். மான் வேட்டைக்குரிய பாயிண்ட் 308 தோட்டாவில் நூறு எடுத்தால் இரண்டரைக் கிலோவை நெருங்கும். நம் ஊரில் பலரும் அறிந்த 12 போர் தோட்டா என்றால் நாலரைக் கிலோ அளவுக்கு வரும். சின்னத் துப்பாக்கி தோளை இடிப்பதில்லை, சத்தமும் குறைவு. முயலையோ காட்டுக்கோழியையோ சுட்டால் இறைச்சி சிதறாமல் கைக்கு வரும். குறைகளும் உண்டு. தோட்டாவின் அடி விளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து பூசப்பட்டிருப்பதால், விசையை இழுத்தும் வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்ற வகைகளைவிட இதில் அதிகம். குண்டின் வேகத்தைப் பொறுத்து அதன் ஆற்றல் 140 முதல் 190 ஜூல் வரைதான். பாயிண்ட் 308-இன் ஆற்றல் ஏறத்தாழ 3,500 ஜூல். சிறு விலங்குக்குப் பாயிண்ட் 22-இன் ஆற்றல் போதும், பெரிய விலங்கிடம் எடுபடாது. இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், உணவுக்காக ஒரு துப்பாக்கி என்றால் அது பாயிண்ட் 22-ஆகத்தான் இருக்க முடியும்.

இந்தக் கணக்கை முறையாகப் போட்டுப் பார்த்தது அமெரிக்க விமானப்படை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதன் விமானங்கள் வட துருவப் பகுதியின் மேல் தொடர்ந்து பறக்கத் தொடங்கின. அங்கே விமானம் விழுந்தால் விமானி எங்கே கிடக்கிறார் என்று கண்டுபிடிக்கவே நாட்கள் ஆகும். வானிலை கெட்டால் வாரங்கள் ஆகும். அதனால் விமானியின் அவசரப் பெட்டிக்குள் அடங்கும் துப்பாக்கி தேவைப்பட்டது. 1940-களின் இறுதியில் வந்த எம்4 ரைஃபிள், பாயிண்ட் 22 ஹார்னெட் என்ற சற்று வலுவான தோட்டாவைச் சுட்டது. அடுத்து வந்த எம்6-இல் மேலும் கீழுமாக இரண்டு குழல்கள்: ஒன்று ஹார்னெட் தோட்டாவுக்கு, மற்றது பறவைகளைச் சுடும் சிறு சிதறுகுண்டுக்கு. நடுவில் மடித்தால் பாதி நீளமாகிவிடும். கையுறை போட்ட விரல் வளைந்த விசைக்குள் நுழையாது என்பதால், விரல்களை மொத்தமாகச் சேர்த்து அழுத்தும் பட்டை ஒன்றை விசைக்குப் பதிலாக வைத்தார்கள். பிறகு ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-7 வந்தது. குழலையும் இயங்கு பாகத்தையும் கழற்றி அடிக்கட்டைக்குள்ளேயே செருகி மூடிவிடலாம். எடை ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். அதை விமானப்படை வாங்கவில்லை, பொதுச் சந்தை வாங்கிக்கொண்டது. இவை ஒவ்வொன்றும் கருத்தூன்றி யோசித்துச் செய்யப்பட்டவை. ஆனால் தேட வருகிறவர்களுக்குத் தன் இருப்பிடத்தைச் சொல்ல வழியில்லாத ஒரு மனிதன் எப்படியாவது சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும் என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் அவை அத்தனையும் நின்றன.

அந்த அனுமானம் 1982-இல் ஆட்டம் காணத் தொடங்கியது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து காஸ்பாஸ்-சார்சாட் என்ற செயற்கைக்கோள் மீட்பு அமைப்பை உருவாக்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சிறு விமானம் ஒன்று விழுந்தது. அதன் அவசர சமிக்ஞையைப் பிடித்துக்கொடுத்தது, ஏவப்பட்டுச் சில மாதங்களே ஆன சோவியத் செயற்கைக்கோள். மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இன்று தனிமனிதர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மீட்பு பீக்கன் சுமார் 150 கிராம்தான். பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் மீட்பு மையத்துக்குப் போய்விடும். இந்தியாவும் இந்த அமைப்பில் இருக்கிறது, நம் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இயங்குகிறது. 2017 ஒக்கிப் புயலில் கரையோடு தொடர்பற்று ஆழ்கடலில் மாட்டிக்கொண்ட கன்னியாகுமரி மீனவர்களை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இந்தச் சின்னப் பெட்டியின் அருமையை விளக்கத் தேவையில்லை.

இந்த மாற்றத்தைச் சட்டத்திலேயே பார்க்கலாம். அலாஸ்காவில் பறக்கும் விமானங்களில் என்னென்ன உயிர்காப்புப் பொருட்கள் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டம் பட்டியலிடுகிறது. பயணிகளுக்கு ஒரு வார உணவு, கோடரி, முதலுதவிப் பெட்டி, கத்தி, தீமூட்டும் பொருள், கொசுவலை, சமிக்ஞைக் கருவிகள், தூண்டில் சாமான் ஆகியவை அதில் உள்ளன. குளிர்காலத்தில் பனிச்செருப்பும் கம்பளியும் உறங்குபையும் சேரும். ஒரு காலத்தில் அந்தப் பட்டியலில் துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன, பிறகு நீக்கப்பட்டன. துப்பாக்கிப் பழக்கம் ஆழ வேரூன்றிய ஒரு மாநிலம், தூண்டில் முள்ளை வைத்துக்கொண்டு துப்பாக்கியை எடுத்துவிட்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அமெரிக்க விமானப்படையும் அண்மை ஆண்டுகளில் விமானியின் இருக்கைக்குக் கீழே மறுபடி ஒரு துப்பாக்கியை வைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அது எதிரி மண்ணில் விழுந்தால் தற்காத்துக்கொள்ள உதவும் 5.56 மி.மீ. போர்த்துப்பாக்கி. முயல் சுடும் துப்பாக்கி திரும்பி வரவில்லை.

உணவுக் கணக்குக்கு வருவோம். வடகாட்டுப் பனிமுயல் ஒன்று சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். தோலும் குடலும் எலும்பும் போக 700 கிராம் இறைச்சி தேறலாம். அதில் கிடைப்பது ஏறக்குறைய 800 கலோரி. கடுங்குளிரில் விறகு வெட்டி, பனியில் நடந்து, உடல்சூட்டைக் காக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். அதாவது தினம் நான்கு முயல், அதுவும் வழி தெரியாத காட்டில், ஒன்றுகூடக் குறி தப்பாமல். அப்படியே கிடைத்தாலும் சிக்கல் தீராது. முயல் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்கிறவர் வயிறு நிறைந்தும் வயிற்றுப்போக்காலும் சோர்வாலும் விழுந்துவிடுவார். வடதுருவப் பயணி வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன் இதைப் பற்றி எழுதியது மட்டுமல்ல, 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் மேற்பார்வையில் தானே கொழுப்பற்ற இறைச்சியை மட்டும் தின்று சில நாட்களிலேயே நோயுற்றார். கொழுப்பைச் சேர்த்ததும் தேறினார். போதாததற்கு, பனிமுயலின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரிவது ஹட்சன் பே கம்பெனியின் பழைய தோல் வணிகக் கணக்குகளிலிருந்தே தெரிய வருகிறது. சரிந்த ஆண்டில் போய் மாட்டிக்கொண்டவருக்கு எந்தத் துப்பாக்கியும் முயலைக் காட்டித் தராது. முயல் இருக்கும் ஆண்டிலும், தடம் பார்த்து வைத்த கம்பிக் கண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும். துப்பாக்கிக்காரரோ குளிரில் அலைந்து, தேடி வந்த கலோரியை அலைச்சலிலேயே செலவழிப்பார். கண்ணிக்கம்பியின் எடை சில கிராம்தான்.

1992 ஏப்ரலில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் பாதையில் தனியாக நடந்துபோன கிறிஸ் மெக்காண்ட்லஸின் கதை புத்தகமாகவும் திரைப்படமாகவும் உலகம் அறிந்தது. அவர் கையில் இருந்ததும் ஒரு பாயிண்ட் 22 ரைஃபிள்தான். அணில், பறவை, முள்ளம்பன்றி என்று நிறையச் சுட்டார். ஜூன் மாதத்தில் மூஸ் எனப்படும் பெரிய மான் ஒன்றையே வீழ்த்தினார். ஆனால் அவ்வளவு இறைச்சியையும் உப்புக்கண்டமாகவோ புகையிட்டோ பக்குவப்படுத்தும் கைத்திறன் அவருக்குக் கைகூடவில்லை, அது அழுகிப்போனது. ஆகஸ்டில், கைவிடப்பட்ட பேருந்து ஒன்றுக்குள் பட்டினியில் இறந்தார். அவர் தின்ற காட்டுவிதைகளில் நஞ்சு இருந்ததா என்ற சர்ச்சை தனி. துப்பாக்கி தன் வேலையைச் செய்தது; ஆனாலும் அந்த இளைஞர் மெலிந்துகொண்டே போனார் என்பதில் சர்ச்சை இல்லை. மனிதர் உணவின்றிச் சில வாரங்கள் தாக்குப்பிடிக்க முடியும். ஆகவே ஓரிரு வாரத்தில் முடியும் காத்திருப்புக்குத் துப்பாக்கி தேவைப்படாது; மாதக்கணக்கில் நீளும் காத்திருப்புக்குச் சின்ன விலங்குகளின் இறைச்சி போதாது. இடையில் எஞ்சும் குறுகிய இடைவெளிதான் இந்தத் துப்பாக்கியின் இடம். செயற்கைக்கோள்கள் அந்த இடைவெளியை ஏறக்குறைய மூடிவிட்டன.

உணவை விடுங்கள், கரடி வந்தால் என்ன செய்வது என்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் பெல்லா ட்வின் பெயரை மறக்காமல் சொல்வார்கள். 1953 மே மாதம், கனடாவின் ஆல்பெர்ட்டா மாநிலத்தில் ஸ்லேவ் லேக் அருகே, 63 வயதான இந்த க்ரீ பழங்குடிப் பெண்மணி, ஒற்றைத் தோட்டா பாயிண்ட் 22 துப்பாக்கியால் அந்நாள் வரை பதிவான மிகப்பெரிய கிரிஸ்லி கரடிகளில் ஒன்றை வீழ்த்தினார். உண்மை, வியந்து போற்ற வேண்டியதும்கூட. ஆனால் அவர் காட்டிலேயே வாழ்ந்து பொறிவைத்துப் பிழைத்தவர். கரடி அவரைக் காணாமல் மிக அருகில் வரும்வரை பொறுத்து, பக்கவாட்டில் தலையைக் குறிபார்த்துச் சுட்டார். அது விழுந்த பிறகும் கையிலிருந்த தோட்டாக்களைத் தலையிலேயே இறக்கினார். ஒரு வாழ்நாள் அனுபவத்தின் வெற்றியைத் தோட்டாவின் வெற்றியாக எழுதிவைத்துக்கொண்டு, முதல்முறை போகிற ஒருவரிடம் அதே தோட்டாவைக் கொடுத்து அனுப்புவது கொடுமை. பனிக்கரடிகள் திரியும் நார்வேயின் ஸ்வால்பார்டில் ஊர் எல்லையைத் தாண்டுபவர்கள் கரடியை விரட்டும் சாதனம் வைத்திருந்தாக வேண்டும். துப்பாக்கியும் எடுத்துச் செல்லும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். அங்கே பேசப்படுவது பாயிண்ட் 308, பாயிண்ட் 30-06 போன்ற பெரிய ரைஃபிள்கள். கரடிக்குப் பயந்து பாயிண்ட் 22 எடுப்பவர் எடையையும் சுமக்கிறார், பாதுகாப்பையும் பெறுவதில்லை.

பீக்கன் பழுதாகலாம், பேட்டரி சாகலாம், புயலில் ஹெலிகாப்டர் வராமல் போகலாம் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. 1965 மார்ச்சில் விண்வெளியில் முதன்முதலாக மிதந்த அலெக்ஸி லியோனோவும் அவருடைய தோழர் பாவெல் பெல்யாயெவும் குறி தவறி, பெர்ம் பகுதியின் பனிக்காட்டில் இறங்கினார்கள். இருக்குமிடம் தெரிந்த பிறகும், மரங்கள் அடர்ந்திருந்ததால் ஹெலிகாப்டர் தரையிறங்க முடியவில்லை; இரண்டு இரவுகள் காட்டிலேயே கழிந்தன. பின்னாளில் மூன்று குழல் கொண்ட டிபி-82 துப்பாக்கி சோயுஸ் கலங்களில் ஏறியதற்கு அந்த இரவுகளும் ஒரு காரணம். இந்த மறுப்பை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு இரவுகளில் அவர்களை வாட்டியது பசியா? வியர்வையில் நனைந்த உடையும் உறையவைக்கும் குளிரும்தான். ஹெலிகாப்டர்கள் மேலிருந்து போட்டவற்றில் கதகதப்பான உடைகள் முக்கியமானவை. மீட்பு தாமதமாகும் என்ற அச்சம் நியாயமானால், அந்த அச்சத்துக்கு விடை இரண்டாவது பீக்கன், கூடுதல் கம்பளி, ஒரு வார உணவு. மூன்றையும் சேர்த்தால் துப்பாக்கியின் எடையைத் தாண்டலாம். ஆனால் துப்பாக்கியை விட்டுவிட்டால் அந்த எடையில் பெரும்பகுதிக்கு இடம் கிடைக்கும்.

காட்டையே வீடாகக் கொண்டவர்கள் விஷயம் வேறு. வட கனடாவிலும் அலாஸ்காவிலும் க்ரீ, டெனே, இனுயிட் மக்களுக்குப் பாயிண்ட் 22 அன்றாட உழைப்புக் கருவி. முயல் எந்தத் தடத்தில் வரும், கொழுப்புள்ள விலங்கு எது, இறைச்சியை எப்படிக் கெடாமல் காப்பது என்ற அறிவு தலைமுறைகளாக அவர்களிடம் இருக்கிறது. துப்பாக்கி அந்த அறிவோடு சேர்ந்த ஒன்று. அவர்களுடைய வாழ்வாதாரத்தைப் பயணிகளின் சாகச விவாதத்தோடு குழப்புவது சரியல்ல. பத்து நாள் நடைபயணத்துக்குப் போகிறவர், அவர்கள் வைத்திருக்கும் பொருளை வாங்கிவிட்டதால் அவர்களைப் போல் பிழைத்துவிட முடியாது.

கனடாவில் வாழும் நம் பிள்ளைகள் இப்போது வடக்கே நடைபயணத்துக்கும் படகுப் பயணத்துக்கும் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே பாயிண்ட் 22 வாங்கவும் பாதுகாப்புப் பயிற்சியும் உரிமமும் கட்டாயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையே குற்றம் என்பதால் இங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. வடக்கே போகிறவர் முதலில் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்றை வாங்கித் தன் பெயரில் பதிவுசெய்யட்டும். எங்கே போகிறார், எந்த நாளில் திரும்புவார் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பிறகு உறங்குபை, தீமூட்டும் சாமான், ஒரு வார உணவு, கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான். இவையெல்லாம் பையில் ஏறிய பின்னும் தோளில் வலு மிச்சமிருந்து, உரிமமும் பழக்கமும் உள்ளவரானால், பாயிண்ட் 22-ஐ எடுத்துக்கொள்ளலாம். துப்பாக்கியை வைப்பதற்காக அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட வெளியே எடுத்துவைக்கக் கூடாது.