ஸ்விட்சரிலிருந்தே ரெக்கார்டர்

நேரலையில் கிளிப் ஓட்டுவதற்கென்றே ஒருவர் தனியாக உட்கார்ந்து, இயக்குநரின் குரல் கேட்டதும் பொத்தானை அழுத்தும் வழக்கம் சிறிய குழுக்களுக்கு இனி தேவையில்லை. முன்பு காட்சிகளை மாற்றும் ஸ்விட்சரிலிருந்தே ரெக்கார்டரை, அதாவது டெக்கை, இயக்க வேண்டுமென்றால் டெக் ஒவ்வொன்றுக்கும் 9 பின் ஆர்எஸ்-422 கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. இன்று பிளாக்மேஜிக்கின் ஏடெம் ஸ்விட்சரும் ஹைப்பர்டெக் ரெக்கார்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும். டெக்கின் ஐபி முகவரியை ஸ்விட்சருக்குக் கொடுத்து, டெக்கில் ரிமோட்டை இயக்கிவிட்டால், ஸ்விட்சரின் மென்பொருளிலிருந்தே கிளிப்பைத் தேர்ந்தெடுக்கலாம், ஓட்டலாம், பதிவையும் தொடங்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டோ ரோல். டெக்கின் உள்ளீட்டை ஒளிபரப்புக்கு எடுத்ததுமே கிளிப் தானாக ஓடும். டெக் ஓடத் தொடங்கச் சில ஃபிரேம்கள் பிடிக்குமே, அதற்கேற்ப வெட்டைத் தாமதப்படுத்தும் வசதியும் உண்டு. உறைந்து நிற்கும் முதல் ஃபிரேமைப் பார்வையாளர் பார்க்க வேண்டியதில்லை. மேடையில் பேச்சு முடியும் நேரத்தில் இயக்குநரின் கவனம் சிதறாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் பதிவு விஷயத்தில் இந்த வசதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். கார்டு நிறைந்துபோனால், கேபிள் கழன்றால், போன காட்சி திரும்பாது. ஸ்விட்சரில் பதிவை அழுத்தியபின், டெக்கின் முகப்பில் நேரக்குறி ஓடுகிறதா என்று ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.